பெரிய வேட்டைக் கைத்துப்பாக்கியை ஆடாமல் பிடிப்பது

ஏழரை அங்குலக் குழல் கொண்டு, .44 மேக்னம் என்னும் வலுவான தோட்டாவைச் சுடும் ரிவால்வரில், குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். பின்குறியின் பள்ளத்துக்குள் முன்குறி அரை மில்லிமீட்டர் ஒதுங்கி நின்றால் போதும், 50 மீட்டரில் குண்டு 10 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். அமெரிக்காவில் இத்தகைய துப்பாக்கியோடு காட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தேடுவது வெள்ளைவால் மானை. அதன் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் குறுக்களவு. நட்டநடுவில் குறிவைத்தவருக்குக்கூட அந்த அரை மில்லிமீட்டரிலேயே எல்லை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஆடினால் காயம்பட்ட மான் புதருக்குள் ஓடி, இரவு முழுக்கத் துடித்துச் சாகும்.

ரைஃபிளுக்குத் தோள் உண்டு, கன்னம் உண்டு, முன்கையும் பின்கையும் உண்டு. கைத்துப்பாக்கிக்கு இரண்டு கைகள் மட்டுமே, அவையும் உடம்பிலிருந்து நீட்டிய நிலையில். ரூகர் சூப்பர் ரெட்ஹாக் ஒன்றரைக் கிலோ, ஸ்மித் & வெஸன் 500 நீளக் குழலோடு இரண்டு கிலோ. அந்த எடையைக் கைநீட்டிப் பிடித்தால் பத்து நொடியில் தோள் நடுங்கத் தொடங்கும். எவ்வளவு உடற்பயிற்சி செய்தவருக்கும் இது நடக்கும். ஆகவே பெரிய துப்பாக்கியைத் தசையால் அசையாமல் நிறுத்தப் பார்க்காதீர்கள். எடையை எலும்பும் மரமும் மண்ணும் தாங்கட்டும். கைக்கு ஒரே வேலைதான்: ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடிப்பது.

ஏன் ஒரே மாதிரி? சுட்டதும் துப்பாக்கி உதைக்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் குண்டு குழலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே உதை தொடங்கிவிடுகிறது. 240 கிரெயின் (ஏறத்தாழ 15.5 கிராம்) எடையுள்ள குண்டு ஏழரை அங்குலக் குழலைக் கடக்க ஏறத்தாழ ஒரு மில்லி நொடி எடுக்கும். அதற்குள் குழல் வாய் மேலே ஏற ஆரம்பித்திருக்கும். இதைக் கணக்கில் வைத்தே தயாரிப்பாளர்கள் முன்குறியை உயரமாக வைக்கிறார்கள். சுடுமுன் குழல் பார்வைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே பார்த்தபடிதான் இருக்கும். கனமான குண்டு மெதுவாகப் போவதால் குழலுக்குள் அதிக நேரம் தங்கும், அதனால் அருகு தூரங்களில் பெரும்பாலும் மேலே படும். அதே தோட்டாவைத் தளர்வாகப் பிடித்துச் சுட்டாலும் குழல் கூடுதலாக எழும்பும், குண்டு மேலே போகும். மேசையில் மணல்மூட்டை மேல் வைத்துக் குறியைச் சரிசெய்துவிட்டு, காட்டில் உட்கார்ந்து முழங்காலில் ஊன்றிச் சுடும்போது குண்டு வேறு இடத்தில் படுவதற்குக் காரணம் இதுதான். பலர் துப்பாக்கியையோ தோட்டாவையோ குறைசொல்வார்கள். மாறியது பிடி.

இனி பிடியைப் பார்ப்போம். வலக்கைக்காரருக்குச் சொல்கிறேன், இடக்கைக்காரர் மாற்றிக்கொள்ளலாம்.

டபுள் ஆக்ஷன் ரிவால்வரில், அதாவது விசையை (ட்ரிகர்) இழுத்தாலே சுத்தியும் தானே பின்னே போய் விழும் வகையில், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட கவட்டை, கைப்பிடியின் பின்புறத்தில் எவ்வளவு உயரமாகப் பொருந்துமோ அவ்வளவு உயரமாக இருக்க வேண்டும். ஆனால் சுத்தி பின்னால் வரும்போது தோலைக் கடிக்கக் கூடாது. கை கீழே இறங்க இறங்க, குழலின் கோட்டுக்கும் கைக்கும் உள்ள தூரம் கூடும். துப்பாக்கி அந்த நெம்புகோலை வைத்து மணிக்கட்டை மடக்கும். குழலும் முன்கை எலும்பும் மேலிருந்து பார்த்தால் ஒரே நேர்க்கோட்டில் இருக்கட்டும். கைப்பிடி பெரிதாக இருக்கிறதென்று விசையை எட்டுவதற்காகக் கையைப் பக்கவாட்டில் திருப்புகிறவர்கள் உண்டு. அப்போது உதை முழுவதும் கட்டைவிரல் மூட்டில் விழும். நாலைந்து தோட்டாவிலேயே வீங்கிவிடும். கைப்பிடியை மாற்றுங்கள், கையைத் திருப்பாதீர்கள்.

பழைய கௌபாய் வடிவக் கைப்பிடி உள்ள சிங்கிள் ஆக்ஷன் ரிவால்வர்கள், அதாவது சுத்தியைக் கட்டைவிரலால் பின்னிழுத்த பிறகே விசையை இழுத்துச் சுடுபவை, வேறு மாதிரி. அவை கைக்குள் சற்று உருண்டு மேலே எழும்பும்படி அமைந்தவை. அந்த உருளலே உதையின் ஒரு பகுதியை வாங்கிக்கொள்கிறது. அதை முரட்டுத்தனமாக நெரித்துத் தடுக்கப் பார்த்தால், விசைக்காப்பு வளையத்தின் பின்பகுதி நடுவிரல் கணுவில் இடிக்கும். ரூகர் சூப்பர் பிளாக்ஹாக்கின் சதுரமான வளையம் இதற்குப் பேர்போனது. நடுவிரலுக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு நூலிழை இடைவெளி விட்டுப் பிடித்தால் தப்பிக்கலாம். .454 கசுல் போன்ற பெரிய தோட்டாக்களின் கடும் உதைக்கு பிஸ்லி வடிவக் கைப்பிடியே மேல். அது நேராகப் பின்னோக்கித் தள்ளும், அதிகம் உருளாது.

வலக்கை பிடித்தபின் இடக்கையின் நான்கு விரல்களும் வலக்கை விரல்கள் மேல், வளையத்துக்குக் கீழே இறுகச் சுற்றட்டும். இடது கட்டைவிரல் வலது கட்டைவிரல் நகத்தின் மேல் குறுக்காகப் படிந்து அழுத்தட்டும். சுத்தி பின்வரும் பாதையில் எந்த விரலும் கூடாது. வலிமையில் பெரும்பங்கு இடக்கையிலிருந்து வரட்டும். வலக்கை அளவுக்கு மீறி இறுக்கினால் விசை விரலும் விறைத்துப்போகும், இழுக்கும்போது மொத்தக் கையும் சேர்ந்து அசையும். எவ்வளவு இறுக்கம் சரி என்பதற்கு எளிய சோதனை: குறி நடுங்கும் வரை இறுக்குங்கள், பிறகு நடுக்கம் நிற்கும் வரை தளர்த்துங்கள். அதுதான் அளவு.

அடுத்ததை அழுத்திச் சொல்ல வேண்டும். தானியங்கிப் பிஸ்டலில் பழகியவர்கள் இரண்டு கட்டைவிரலையும் முன்னோக்கி நீட்டி வைப்பார்கள். ரிவால்வரில் அது கூடவே கூடாது. தோட்டா அறைகள் உள்ள சுழல் உருளையான சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இடைவெளி உண்டு. .44 மேக்னத்துக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு; .454 கசுலுக்கும் .460 ஸ்மித் & வெஸனுக்கும் 65,000 பவுண்டு. அந்த அழுத்தத்தில் எரிவாயுவும் ஈயத் துகளும் அந்த இடுக்கு வழியே இருபுறமும் சீறும். அங்கே நீட்டிய கட்டைவிரல் எலும்பு வரை கிழியும். விரலோ உள்ளங்கையோ சிலிண்டரின் முன் விளிம்பைத் தாண்டக் கூடாது. சாய்ந்து சுடும்போது முழங்காலும் கெண்டைக்காலும் அந்தக் கோட்டில் வரக் கூடாது. பக்கத்தில் நிற்கும் நண்பரும் ஒரு அடி பின்தள்ளி நிற்கட்டும்.

முழங்கைகளைப் பூட்டுப் போட்டதுபோல் நீட்டாதீர்கள், தொங்கவும் விடாதீர்கள். இலேசான மடிப்பு இருந்தால் துப்பாக்கி எழும்பி அடங்க இடம் கிடைக்கும். மடிப்பு அதிகமானால் சுத்தியோ ஸ்கோப்போ (குறிபார்க்கும் தொலைநோக்கி) நெற்றிக்கு வரும். ரைஃபிள் ஸ்கோப்பைக் கைத்துப்பாக்கியில் பொருத்துவதும் இதே காரணத்தால் ஆபத்து: அதில் முழுப் படம் தெரியக் கண்ணை எட்டு, பத்து சென்டிமீட்டருக்குள் கொண்டுபோக வேண்டியிருக்கும். கைத்துப்பாக்கிக்கென்று செய்த ஸ்கோப், கைநீட்டிய தொலைவில் படம் காட்டும். அதிலும் இரண்டு மடங்கு பெருக்கமே காட்டுக்குப் போதும். ஆறு மடங்கு வைத்தால் உங்கள் நடுக்கமும் ஆறு மடங்காகத் தெரியும். அதைக் கண்டு பதறி, குறி நடுவைக் கடக்கும் கணத்தில் விசையைப் பிடுங்கத் தோன்றும். சிவப்புப் புள்ளிக் குறியும் நல்லதே. முன்குறி, பின்குறி பொருத்தும் வேலை அதில் இல்லை என்பதால் மேலே சொன்ன அரை மில்லிமீட்டர்ப் பிழைக்குப் பெரிதும் இடமிருக்காது. அந்தி வெளிச்சத்தில் ஒளியளவைக் குறைத்து வைக்க மட்டும் மறக்காதீர்கள். புள்ளி மலர்ந்து மானையே மறைக்கும்.

ஊன்றிச் சுடும்போது ஒரே விதி: கடினமான எதிலும் துப்பாக்கியின் உலோகம் படக் கூடாது. மரக்கிளை, பாறை, மேசை விளிம்பு, எதுவானாலும் சரி. குழலை அதன் மேல் வைத்தால் சுட்ட கணத்தில் துள்ளி எழும்பும், குண்டு மேலே போகும். கைப்பிடியின் அடியைப் பாறையில் ஊன்றினாலும் அதேதான்; அடியில் சுண்டுவிரலை மடக்கி வைத்திருந்தால் அது நசுங்கும். ஊன்ற வேண்டியது மணிக்கட்டு அல்லது முன்கை. மணல்மூட்டை கிடைத்தால் விசைக்காப்பு வளையத்தின் முன்பகுதியை அதன் மேல் வைக்கலாம், பின்னால் இரண்டு மணிக்கட்டுக்கும் இன்னொன்று. மூட்டையின் மேல் ஒரு துண்டுத் தோல் போடுங்கள். சிலிண்டர் இடுக்கின் தீ துணிமூட்டையைச் சில சுடுதலிலேயே பொத்தலாக்கி மணலைக் கொட்டவைக்கும். காட்டில் மடித்த கோட்டோ தோள்பையோ போதும்.

தாம்ப்ஸன் சென்டர் கன்டெண்டர் போன்ற ஒற்றைச் சுடு பிஸ்டல்களுக்குச் சிலிண்டரே இல்லை. முன்கட்டையை மூட்டை மேல் வைக்கலாம், கையையும் முன்னே கொண்டுபோகலாம். அவை குட்டி ரைஃபிள்கள் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

காட்டுக்கு ஏற்ற நிலைகளில் முதலிடம் உட்கார்ந்த நிலைக்குத்தான். .44 மேக்னம் 1955இன் முடிவில் பிறக்கக் காரணமானவர்களில் ஒருவரான எல்மர் கீத் முதல் இன்றைய வேட்டைக்காரர்கள் வரை முதுகைச் சாய்த்து உட்காருவதை நம்பியிருப்பதற்குக் காரணம் உண்டு. அகலமான மரமொன்றில் முதுகு முழுவதும் படும்படி உட்காருங்கள். முழங்கால்களை மடக்கி நிறுத்தி, பாதங்களை இடுப்பகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக விரித்து, குதிகாலை மண்ணில் அழுத்துங்கள். கைகளை நீட்டி, மணிக்கட்டுக்குச் சற்றுப் பின்னால் முன்கைகளை இரண்டு முழங்காலுக்கு நடுவே வைத்து, முழங்கால்களால் இலேசாக அணையுங்கள். சிலிண்டரும் குழலும் முழங்கால்களைத் தாண்டி முன்னே நிற்க வேண்டும். சிலிண்டர் இடுக்கு தொடைக்கோ முழங்காலுக்கோ பக்கத்தில் வந்தால் கால்சட்டையோடு தோலும் தீயும். குழல் வாய்க்கு முன்னே பாதம் வரக் கூடாது. தலையை மரத்தில் முட்டுக்கொடுக்காமல் நேராக வைத்தால் கண்ணுக்கு எளிது.

இப்போது கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். குறி மானின் நெஞ்சிலேயே நின்றால் உட்கார்ந்த இடம் சரி. இடப்பக்கமோ வலப்பக்கமோ விலகியிருந்தால் கையால் இழுத்துத் திருத்தாதீர்கள்; இடுப்பை நகர்த்துங்கள். உயரம் சரியில்லையென்றால் பாதங்களை உள்ளேயோ வெளியேயோ நகர்த்துங்கள். கையால் இழுத்துப் பிடித்த குறி, விசை விடுபடும் கணத்தில் தன் பழைய இடத்துக்கே திரும்பும். தவறிய சுடுதல்களில் எத்தனையோ இப்படிப்பட்டவை, விசையின் குற்றமாக எண்ணப்படுபவை.

மரம் இல்லாத இடத்தில் முழங்கையை முழங்காலில் ஊன்றும்போது எலும்பு மேல் எலும்பு வைக்காதீர்கள், உருளும். முழங்கைக்குச் சற்று மேலுள்ள சதைப்பகுதியை முழங்காலுக்கு முன்னே வழியவிடுங்கள்.

மல்லாந்து சாய்ந்து சுடும் கிரீட்மோர் நிலை, உலோக நிழலுருப் போட்டிகளால் பரவியது. மெக்ஸிகோவிலிருந்து வந்த அந்த விளையாட்டுக்கு அமெரிக்காவில் 1976இல் கைத்துப்பாக்கிக்கென்றே ஒரு பன்னாட்டுச் சங்கம் அமைந்தது. 50 மீட்டரில் கோழி, 100இல் பன்றி, 150இல் வான்கோழி, 200இல் செம்மறிக்கடா என்று இரும்புத் தகட்டு உருவங்களை வீழ்த்த வேண்டும். பெரிய கைத்துப்பாக்கியை எப்படிப் பிடிப்பதென்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த மைதானங்களில் அடிபட்டுக் கற்றது. இடது முழங்கையில் ஊன்றிச் சாய்ந்து படுத்து, வலது காலை மடக்கி, துப்பாக்கியை அந்தக் காலின் வெளிப்புறத்தில் ஒட்டி வைப்பார்கள். இது மிகத் திடமான நிலை. ஆனால் காலில் தடித்த தோல்கவசம் இல்லாமல் செய்யவே கூடாது. குழல் வாய் காலைத் தாண்டியிருப்பதை ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். குழல் முனையில் வாயுத் துளைகள் உள்ள துப்பாக்கிக்கு இந்த நிலை ஆகாது. புல் உயரமான காட்டில் படுத்தால் மானும் தெரியாது.

மேலே கவை அமையும்படி குறுக்காகக் கட்டிய ஊன்றுகோல்களைப் பயன்படுத்துவோர் குழலைக் கவையில் வைப்பதே வழக்கமான தவறு. கவையில் இடக்கையின் அடியே இருக்கட்டும். கோலின் கால்களை உங்கள் பக்கம் சற்று இழுத்து ஊன்றி, உடம்பு எடையை முன்னோக்கி இலேசாகச் சாய்த்தால் கோலும் நீங்களும் ஒன்றாகப் பூட்டிக்கொள்வீர்கள். மரத்தில் பக்கவாட்டில் ஊன்ற வேண்டியிருந்தால் இடக்கையின் புறங்கை மரத்தில் அழுந்தட்டும், துப்பாக்கி மரத்தைத் தொடக் கூடாது. எதிலும் ஊன்றாமல் நின்றபடி சுடுவது 25 மீட்டருக்குள் வேண்டுமானால் பார்க்கலாம். அதுவும் நாள்தோறும் பழகுகிறவருக்கு.

சுத்தியைப் பின்னிழுத்துச் சிங்கிள் ஆக்ஷனாகவே சுடுங்கள். இடது கட்டைவிரலால் இழுத்தால் வலக்கைப் பிடி கலையாது. டபுள் ஆக்ஷன் இழுப்பு ஐந்து கிலோவைத் தொடும். சிங்கிள் ஆக்ஷனில் இரண்டு கிலோவுக்குள். மூச்சை இயல்பாக விட்டு, அடுத்த மூச்சு வருமுன் உள்ள இடைவேளையில் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். குறி சுற்றிச் சுற்றி அலையும். அலையட்டும், நெஞ்சின் வட்டத்துக்குள் அலைந்தால் போதும். எட்டு நொடியில் விசை விடுபடவில்லையென்றால் விரலை எடுத்து, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்குங்கள். ஆக்ஸிஜன் குறையக் குறையக் கண் மங்கும், அப்போது குறி சரியாக இருப்பதுபோல் பொய்த்தோற்றம் தரும்.

உதைக்குப் பயந்து, வெடிக்குமுன்பே கையைக் கீழே தள்ளுவதே இந்தத் துப்பாக்கியின் பெரிய நோய். அதை வெளிப்படுத்தச் சிலிண்டரில் இரண்டு மூன்று போலித் தோட்டாக்களைக் கலந்து வைத்து, பாராமல் சுழற்றி மூடிச் சுடுங்கள். போலித் தோட்டாவில் சுத்தி விழும்போது குழல் கீழே குனிந்தால் நோய் இருக்கிறது. மருந்து இலேசான தோட்டா: .44 மேக்னத்தில் .44 ஸ்பெஷல், .454 கசுலில் .45 கோல்ட். இந்தக் குட்டைத் தோட்டாக்கள் அறைக்குள் கரிவளையம் விட்டுச்செல்லும். தேய்த்து எடுக்காவிட்டால் நீளத் தோட்டா சரியாக இறங்காது. காதுக்குள் அடைப்பு, அதன் மேல் காதுக்கவசம் என இரண்டும் போடுங்கள். 160 டெசிபலைத் தாண்டும் சத்தம் காதைக் கெடுப்பதோடு இந்தப் பயத்தையும் வளர்க்கும். ஒரே மூச்சில் 50 தோட்டா சுடாதீர்கள். கனத் தோட்டாவில் பத்துப் பன்னிரண்டோடு நிறுத்துங்கள்.

புதியவர் கையில் கொடுக்கும்போது சிலிண்டரில் ஒரே ஒரு தோட்டா. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. உதையில் பிடி நழுவி, விரல் அனிச்சையாக மீண்டும் விசையை இழுத்து, குழல் சுடுபவரின் தலைப்பக்கம் திரும்பியிருக்கும் நேரத்தில் இரண்டாவது தோட்டா வெடித்த விபத்துகள் உண்டு. உயிர் போயிருக்கிறது.

எடை குறைந்த ரிவால்வரில் கனத் தோட்டா சுடுவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உதை துப்பாக்கியைப் பின்னுக்கு இழுக்கும்போது, சிலிண்டரில் மீதமிருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் தம் கூட்டிலிருந்து முன்னோக்கி நகர்ந்து வெளியே எட்டிப் பார்க்கும். சிலிண்டர் சுழலாமல் சிக்கிக்கொள்ளும். கடைசித் தோட்டாவைச் சுடாமல் எடுத்து, நீளத்தை அளந்து பாருங்கள். நீண்டிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

எவ்வளவு தூரம் வரை சுடலாம்? 20 சென்டிமீட்டர் வட்டம் வரைந்த தாளை வையுங்கள். காட்டில் பயன்படுத்தும் அதே நிலை, அதே உடை, குளிரில் மரத்த கை. ஐந்து தோட்டாவும் வட்டத்துக்குள் விழும் கடைசித் தூரமே உங்கள் எல்லை. வெறுங்குறியோடு பலருக்கு அது 50 மீட்டர், ஸ்கோப்போடு 100. மைதானத்து மேசையில் கிடைத்த கணக்கைக் காட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது; மான் அதன் விலையைக் கொடுக்கும்.

குறி வட்டத்துக்குள் அடங்கவில்லை, மான் திரும்பிவிட்டது, சுட வேண்டாமென்று முடிவெடுத்தீர்கள். சுத்தியோ பின்னிழுத்த நிலையில் நிற்கிறது, விரல்கள் குளிர்ந்திருக்கின்றன. பதற்றத்தில் தவறு நடப்பது இங்கேதான். முதலில் விரலை விசையிலிருந்து எடுத்து, குழலை மென்மையான மண்ணை நோக்கித் திருப்புங்கள், பாறையை நோக்கி அல்ல. இடது கட்டைவிரலைச் சுத்திக்கும் சட்டகத்துக்கும் நடுவே நுழைத்து வையுங்கள். வலது கட்டைவிரலால் சுத்தியின் கொண்டையை அழுத்திப் பிடித்து, விசையை இழுங்கள். சுத்தி விடுபட்டு நகர்ந்ததும் விசை விரலை முழுவதும் வெளியே எடுத்துவிடுங்கள். அப்போதுதான், சுத்தியின் அடி தோட்டாவை எட்டாதபடி, உள்ளே இருக்கும் பாதுகாப்புத் தகடு தன் வேலையைச் செய்யும். பிறகு இடது கட்டைவிரலை மெல்ல விலக்கிச் சுத்தியை இறக்குங்கள். 1973க்கு முந்தைய ரூகர் சிங்கிள் ஆக்ஷன் ரிவால்வர்களில், திருத்திப் பொருத்தாதவற்றில், அந்தத் தகடு கிடையாது. அவற்றில் சுத்திக்கு நேரே உள்ள அறை காலியாக இருக்கும்படி வைத்தே இறக்க வேண்டும், எடுத்துச்செல்லும்போதும் அப்படியே.